கைகாட்டுவதா, கொண்டுபோய்ச் சேர்ப்பதா?
உதவி எண்கள் குறித்து மூன்று பாடவேளைகள்

1098, 14417, 181, 112. நம் பள்ளிச் சுவர்களில் இந்த எண்களை எழுதி வைத்திருக்கிறோம். காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் அவ்வப்போது சொல்கிறோம். "குழந்தைகளுக்கான உதவி எண் எது?" என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் பட்டென்று சொல்லிவிடும். அடுத்து இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அந்த எண்ணுக்குப் பேசினால் யார் எடுப்பார்கள்? என்ன கேட்பார்கள்? அதற்குப் பிறகு என்ன நடக்கும்?" வகுப்பு அமைதியாகிவிடும். பல நேரங்களில் ஆசிரியர் அறையும் அமைதியாகிவிடும்.

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 'மனித உரிமைகள்' பாடம் வரும்போது, இந்த இரண்டாவது கேள்விக்காக மூன்று பாடவேளைகளை ஒதுக்கினேன். அந்த வகுப்பறை அனுபவத்தையும், அதற்காக நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே பகிர்கிறேன். எந்த ஊர்ப் பள்ளியிலும் இதைச் செய்யலாம். செலவு என்று பார்த்தால் சில அட்டைகளும் ஒரு நோட்டும்தான்.

எங்கள் ஊருக்கு இது ஏன் தேவை?

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரத்துக்குப் பெயர்பெற்ற ஊர். காய் விளைவதோ பெரும்பாலும் மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில். விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே போகும். பொழுது சாயும்போதுதான் திரும்பும். அவற்றில் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், நம் பிள்ளைகளின் அம்மாக்கள். ஆடி, ஆவணியில் காய் எடுப்பு தொடங்கினால் தை, மாசி வரைக்கும் வேலை இருக்கும். அந்த மாதங்களில் வீட்டை நடத்துவது எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் மூத்த பெண்பிள்ளை. தம்பியை எழுப்பிக் குளிக்க வைத்து, சோறு கட்டி, வீட்டைப் பூட்டிவிட்டு அவள் பள்ளிக்கு வர வேண்டும். வராத நாள்களின் கதையை வருகைப் பதிவேடு சொல்லும்.

சில குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. அப்போது பிள்ளையின் பெயர் நம் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை வேறு மாநிலத்தில் இருக்கும். குரங்கணி, கொட்டகுடிப் பக்கம் போனால் இன்னொரு சிக்கல். ஒரு திருப்பத்தில் கிடைக்கும் செல்போன் சிக்னல் அடுத்த திருப்பத்தில் கிடைக்காது.

ஆக, பெரியவர்கள் பகலில் வீட்டில் இல்லை. எல்லா இடத்திலும் போன் எடுக்காது. மாநில எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. இந்த மூன்றையும் கணக்கில் எடுக்காமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால், தேவைப்படும் நேரத்தில் அது பிள்ளைக்குப் பயன்படாது.

ஆசிரியர் தெரிந்துகொள்ள ஒரு சிறு வரலாறு

பாடத்தைத் தொடங்குமுன் 1098-இன் வரலாற்றைப் படித்தேன். 1996-இல் மும்பையில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்த ஒரு களத் திட்டமாக 'சைல்டு லைன்' தொடங்கியது. தொடங்கியவர் அங்கே பணியாற்றிய ஜெரூ பில்லிமோரியா. தெருவிலும் ரயில் நிலையங்களிலும் வாழ்ந்த குழந்தைகளை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்ட சேவை அது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கும் எண் வரிசை, எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் நினைவில் நிற்கும். 1999-இல் சைல்டு லைன் இந்தியா பவுண்டேஷன் அமைந்தது. மத்திய அரசின் ஆதரவுடன் ஊர் ஊராகத் தொண்டு நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு அது வளர்ந்தது.

அதன் தனித்தன்மை இதுதான்: அழைப்பை எடுப்பவர் ஓரிடத்தில் இருப்பார், குழந்தையைத் தேடிப் போகிறவர் அந்தந்த ஊர்க்காரராக இருப்பார். அவசரமான நிலையில் அறுபது நிமிடத்துக்குள் குழந்தையிடம் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. பின்னர் 2003-இல் பல நாடுகளின் குழந்தை உதவி எண்களைச் சேர்த்து ஒரு பன்னாட்டு அமைப்பும் உருவானது. அதைத் தொடங்கியவரும் ஜெரூ பில்லிமோரியாதான்.

2022-இல் மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' வழிகாட்டுதல்கள் இந்த அமைப்பை மாற்றின. 1098-ஐ நடத்தும் பொறுப்பு தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பிடமிருந்து மாநில அரசுகளுக்கு வந்தது. மாநில அளவில் ஒரு கட்டுப்பாட்டு அறை. மாவட்ட அளவில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் கீழ் ஒரு உதவி மையம். அவசர உதவிக்கான 112-உடனும் 1098 இணைக்கப்பட்டது. 2023 முதல் மாநிலங்கள் படிப்படியாகப் பொறுப்பேற்றன.

அந்த மாற்றத்தின்போது உதவி எண்களை நடத்தியவர்களிடையே ஒரு விவாதம் நடந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்தால் உதவி விரைவாகப் போய்ச் சேரும், எந்த மாவட்டமும் விடுபடாது என்பது ஒரு பக்கம். காவல் துறையோடு இணைந்த எண் என்றால் குழந்தை பேசத் தயங்கும், ஊரறிந்த தொண்டர்கள் விலகிப்போவார்கள் என்பது மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இந்த விவாதத்தையே வகுப்பறைக்குள் கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றியது.

முதல் பாடவேளை: எந்த எண், எதற்கு?

பிள்ளைகளை ஆறு குழுக்களாகப் பிரித்தேன். கரும்பலகையில் எண்களையும் அவற்றின் பணியையும் எழுதினோம்.

1098 – குழந்தைகளுக்கான உதவி
112 – எல்லா அவசரத்துக்கும் பொதுவான எண்
108 – ஆம்புலன்ஸ்
181 – பெண்களுக்கான உதவி
14417 – நம் பள்ளிக்கல்வித் துறையின் உதவி மையம்
14416 – மனநல ஆலோசனை
1930 – இணையவழிப் பண மோசடி
1077 – மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை

பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் சில அட்டைகள் கொடுத்தேன். அவற்றில் எங்கள் ஊரில் நடக்கக்கூடிய நிகழ்வுகளை எழுதியிருந்தேன். 'மெட்டுக்குப் போகும் வழியில் ஜீப் கவிழ்ந்துவிட்டது', 'பன்னிரண்டு வயதுப் பையன் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை செய்கிறான்', 'ஓ.டி.பி. கேட்டு அம்மாவின் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்கள்', 'மழையில் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது', 'தேர்வை நினைத்தால் தூக்கமே வரவில்லை'. ஒவ்வொன்றையும் உரிய எண்ணுக்குக் கீழே வைக்க வேண்டும். இதுவரைக்கும் எளிதாக முடிந்தது.

கடைசி அட்டையில் வகுப்பு தடுமாறியது. 'அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிறார். தடுக்கப் போன என்னையும் அடித்தார். அம்மாவின் தலையில் ரத்தம் வருகிறது.' ஒரு குழு 108 என்றது. இன்னொன்று 181 என்றது. 1098 என்றார்கள், 112 என்றார்கள். கரும்பலகைக்கு முன்னால் கைகள் மோதிக்கொண்டன.

நான் விடை சொல்லவில்லை. "இந்த நாலு பேரும் உதவ வேண்டியவர்கள்தான். ஆனால் அந்தப் பிள்ளை அந்த நேரத்தில் நாலு பேருக்குப் போன் பண்ண முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். மணி அடித்தது. கேள்வியோடு வீட்டுக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் பாடவேளை: பேசிப் பழகுதல்

உதவி எண்ணுக்குப் பேசுவதும் ஒரு மொழித்திறன்தான். நம் பிள்ளைகள் புதியவர்களிடம் போனில் பேசத் தயங்குவார்கள். பதற்றத்தில் எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் அழுவார்கள் அல்லது வைத்துவிடுவார்கள். ஆகவே இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு, ஒருவர் அழைப்பவர், ஒருவர் எடுப்பவர் என்று நடிக்கச் சொன்னேன். முகம் பார்க்காமல் குரலை மட்டும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி.

சொல்ல வேண்டிய ஐந்து செய்திகளை வரிசைப்படுத்தினோம்: எங்கே இருக்கிறேன், என்ன நடந்தது, யாருக்கு, இப்போது ஆபத்து தொடர்கிறதா, திரும்ப என்னை எப்படித் தொடர்புகொள்வது.

'எங்கே' என்பதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மலையில் எந்த நேரமும் இணைப்பு அறுந்துபோகலாம். இடம் தெரிந்திருந்தால் மீதி தெரியாவிட்டாலும் ஆள் வர முடியும். எல்லையோரத்தில் கேரளத்து டவர் கிடைத்தால் அழைப்பு அந்த மாநில மையத்துக்குப் போகக்கூடும். 'போடி' என்று மட்டும் சொன்னால் அங்கே இருப்பவருக்குப் புரியாமல் போகலாம். 'தமிழ்நாடு, தேனி மாவட்டம், போடி வட்டம், இன்ன ஊர்' என்று மேலிருந்து கீழே சொல்லப் பழக்கினேன். தோட்டத்தில் இருந்தால் அந்தத் தோட்டத்தின் பெயர், பக்கத்தில் இருக்கும் கடை, கோயில், சாலையின் மைல்கல், கொண்டை ஊசி வளைவின் எண் என்று ஏதாவது ஓர் அடையாளம் சொல்ல வேண்டும். 'பெரிய மரத்துக்குப் பக்கத்துல' என்று சொன்ன மாணவனை வகுப்பே திருத்தியது.

இன்னொரு செய்தியும் மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு அவசியம். நம் சிம்முக்குச் சிக்னல் இல்லாதபோதும் அந்த இடத்தில் வேறொரு நிறுவனத்தின் டவர் எட்டினால் 112-க்கு அழைப்பு போகும். போன் திரையில் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று தோன்றுவதன் பொருள் அதுதான். மற்ற எண்களுக்கு இந்த வசதியை நம்ப முடியாது. எந்த டவரும் எட்டாத இடத்தில் 112-உம் போகாது. அங்கே சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தெரிந்து வைத்திருப்பதுதான் வழி. குரங்கணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த இடங்கள் அத்துப்படி. எந்தப் பாறையில் ஏறி நின்றால் போன் எடுக்கும் என்று அவர்களே வரைபடம் வரைந்து காட்டினார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். பயிற்சிக்காக உண்மையிலேயே எந்த எண்ணுக்கும் போன் செய்யக் கூடாது. நாம் விளையாட்டாகப் பிடித்துவைத்திருக்கும் இணைப்பு, அந்த நிமிடம் வேறொரு பிள்ளைக்குத் தேவைப்படலாம்.

மூன்றாம் பாடவேளை: தலைவர்களின் வட்டமேசை

இந்தப் பாடவேளைதான் நான் எதிர்பார்த்ததைவிட நீண்டுபோனது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதிய அட்டை. உட்காருபவர் அந்த உதவி மையத்தின் தலைவர். இரண்டு சிறப்பு நாற்காலிகள் உண்டு. ஒன்று கேரளத்தின் 1098 மையத் தலைவருக்கு. இன்னொன்று அழைக்கும் பிள்ளைக்கு. விவாதப் பொருள்: 'இன்னும் பத்து ஆண்டுகளில் நாம் எப்படி இருக்க வேண்டும்? எல்லாரும் ஒரே எண்ணாகிவிடலாமா?'

112 முதலில் பேசியது. "ஒரே எண்ணுன்னா சின்னப் பிள்ளைக்கும் மறக்காது. சிக்னல் இல்லாத எடத்துலயும் எங்களுக்குத்தான் போன் போகும். அதனால எல்லாரும் எங்ககூட வந்து சேந்துருங்க."

1098-ஆக இருந்த மாணவி விடவில்லை. "உங்களுக்குப் பேசினா வீட்டுக்குப் போலீஸ் வரும்னு பிள்ளைங்க போனே போடாது. எங்கப்பா அடிக்கிறாருன்னு சொல்ற பிள்ளைக்கு அப்பாவை ஜெயில்ல போடணும்னு இருக்காது. அடி நிக்கணும், அவ்வளவுதான்."

108 குறுக்கிட்டது. "எங்களுக்கு எடம் தெரியணும். மெட்டுக்குப் போற வழியிலன்னா, பதினேழு வளைவுல எந்த வளைவுன்னு நான் கண்டேன்?"

கேரளத் தலைவராக உட்கார்ந்த மாணவனின் அம்மா தினமும் மேலே வேலைக்குப் போகிறவர். அவன் சொன்னது: "எண்ணு ஒண்ணுதான், ஆபீசு ரெண்டு. மேல ஒரு பிள்ளைய மீட்டா யார்கிட்ட ஒப்படைக்கிறது? எங்க ஆளுக்கும் உங்க ஆளுக்கும் பழக்கம் இருக்கா?" அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் வழி இருப்பதை நான் விளக்கினேன். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, வெளியூரில் மீட்கப்பட்ட குழந்தையை உரிய விசாரணைக்குப் பின் அதன் சொந்த ஊருக்கு மாற்றுவது பற்றிப் பேசுகிறது. "சட்டம் இருக்கு டீச்சர், கூட்டிட்டு வர்ற ஆளு யாரு?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

அதுவரை பேசாமலிருந்தது அழைக்கும் பிள்ளையின் நாற்காலி. கடைசியில் அவளைப் பேசச் சொன்னேன். "நீங்க எத்தனை எண்ணு வேணாலும் வெச்சுக்கோங்க. நான் ஒரு தடவதான் சொல்லுவேன். அதையே ஒவ்வொருத்தர்கிட்டயும் மறுபடி மறுபடி சொல்லச் சொல்லாதீங்க" என்றாள்.

இந்த ஒரு வாக்கியம் வகுப்பின் போக்கை மாற்றியது. ஒரே எண்ணா, பல எண்களா என்ற வாதம் அதோடு நின்றது. எண்களுக்கு இடையில் என்ன நடக்க வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள். உதவி மையங்களின் மொழியில் இதைப் 'பரிந்துரை' என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் நம் பிள்ளைகளுக்குச் சிபாரிசுக் கடிதம்தான் நினைவுக்கு வருகிறது. எனவே ஊர் வழக்கில் விளக்கினேன். வழி கேட்டு வருகிறவருக்கு 'அந்தப் பக்கம் போங்க' என்று கைகாட்டுவது ஒன்று. கூடவே நடந்து, உரிய வீட்டின் கதவைத் தட்டி, 'இவங்க உங்களைத் தேடி வந்திருக்காங்க' என்று கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொன்று. துன்பத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கைகாட்டினால் போதாது.

முடிவில் வகுப்பு நான்கு தீர்மானங்களை எழுதியது. அவர்களின் சொற்களிலேயே தருகிறேன்.

1. யாருக்குப் போன் வந்தாலும் 'இது எங்க வேலை இல்லை' என்று வைக்கக் கூடாது. எடுத்தவரே உரியவருடன் இணைத்துவிட வேண்டும்.
2. பிள்ளை சொன்னதை எழுதி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பிள்ளையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வைக்கக் கூடாது.
3. ஒவ்வொரு ஊரிலும் பாதை தெரிந்த ஒருவர் உதவி மையத்துக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.
4. கடைசியில் என்ன ஆனது என்று சொன்னவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவது தீர்மானத்தின்போது 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீ பேச்சில் வந்தது. மலையேற வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த தீ அது. ஹெலிகாப்டர்களும் வந்தன, ஆனால் மலைவழி தெரிந்த உள்ளூர்க்காரர்கள் இல்லாமல் அந்த மீட்பு இல்லை. எவ்வளவு பெரிய கட்டுப்பாட்டு அறை இருந்தாலும் பாதை தெரிந்த மனிதர் வேண்டும் என்பதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

பிற நாடுகளிலும் இதே பாடத்தைத்தான் கற்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டு வாடகை, உணவு, முதியோர் பராமரிப்பு என எந்தச் சமூக உதவிக்கும் வழிகாட்ட 211 என்ற எண் இருக்கிறது. 1997-இல் அட்லாண்டா நகரில் தொடங்கிய அதை, 2000-இல் நாடு முழுவதற்குமான எண்ணாக ஒதுக்கினார்கள். எண் பொதுவானது, ஆனால் எந்த ஊரில் எந்த உதவி கிடைக்கும் என்ற பட்டியலை உள்ளூர் மையங்கள்தான் தொடர்ந்து புதுப்பித்து வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியல் பழையதாகிவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை.

பாடத்துக்குப் பின் வந்த ஒரு கேள்வி

வட்டமேசை முடிந்த வாரத்தில் ஒரு மாணவி என்னைத் தனியாகப் பார்க்க வந்தாள். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை விட்டுவிடுகிறேன். அவளுக்குத் தெரிந்த பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்குக் கல்யாண ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. செய்தியைச் சொல்லிவிட்டு அவள் கேட்டது: "நான் சொன்னேன்னு தெரிஞ்சிருமா டீச்சர்?"

உதவி எண்களின் எதிர்காலம் முழுவதும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. தெரியாது என்று அவளுக்கு உறுதி கொடுத்தேன். தலைமை ஆசிரியரிடம் பேசி, பள்ளியிலிருந்து 1098-க்குத் தகவல் கொடுத்தோம். பெண்ணின் வயது, இருப்பிடம், கல்யாண நாள், வீட்டுக்கு வரும் வழி ஆகியவற்றைக் கேட்டார்கள். சொன்னவர் பெயரை வெளியிட மாட்டோம் என்றார்கள். மாவட்டத்திலிருந்து பணியாளர்கள் வந்து பெற்றோரிடம் பேசினார்கள். 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை விளக்கினார்கள். கல்யாணம் நின்றது.

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. அந்த அம்மா கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டதன் காரணத்தை அவர்கள் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள். "நான் விடியுமுன்ன மலைக்குப் போறேன், இருட்டித்தான் வர்றேன். வயசுப் பிள்ளைய வீட்டுல தனியா விட்டுட்டுப் போக மனசு கேக்கல" என்பதுதான் காரணம். அந்த பயம் இருக்கும்வரை இந்த மாதம் நின்ற கல்யாணம் அடுத்த மாதம் வேறு ஊரில் நடந்துவிடும். ஆகவே அரசு மாணவியர் விடுதியில் அவளுக்கு இடம் கேட்டு, சான்றிதழ்களுக்கு நம் பள்ளி உதவி, அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். சில நாள்கள் கழித்து அந்தப் பணியாளரே தொடர்புகொண்டு, அவள் ஒழுங்காகப் படிக்கிறாள் என்று தெரிவித்தார். பிள்ளைகள் எழுதிய நான்காவது தீர்மானம் எனக்கு நினைவுக்கு வந்தது. என்னிடம் வந்த மாணவிக்கு நான் சொன்னது ஒரே வரி: "நல்லபடியா முடிஞ்சது."

பள்ளியின் பங்கு: ஒரு தொடர்பு நோட்டு

இணைந்த உதவி அமைப்பில் ஊரறிந்த ஆள் யார் என்ற கேள்விக்கு நம் கையில் இருக்கும் விடை பள்ளிதான். அதிகாரிகள் மாறுவார்கள், நடத்தும் நிறுவனங்கள் மாறும். பள்ளி அதே இடத்தில் இருக்கும். எந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியும். இதை மனத்தில் வைத்து எங்கள் பள்ளியில் ஒரு தொடர்பு நோட்டு தொடங்கினோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, காவல் நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், மாவட்ட சமூகநல அலுவலகம், அரசு விடுதிகள், கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஆகியவற்றின் அலுவலக எண்கள் அதில் இருக்கும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எண்கள் சரிதானா என்று பார்த்துத் திருத்துகிறோம். பிள்ளைகளின் பெயரோ பிரச்சினையோ இந்த நோட்டில் இடம்பெறாது. அவை தலைமை ஆசிரியரின் பொறுப்பில் தனியே பூட்டி வைக்கப்பட வேண்டியவை.

ஆசிரியர்கள் மறக்கக் கூடாத சில செய்திகள்:

குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அச்சம் எழுந்தாலோ, சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிப்பது கட்டாயம். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. 'முதலில் பள்ளி அளவில் விசாரிப்போம்' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பிள்ளை சொல்லும்போது கேட்டுக்கொள்வது மட்டுமே நம் வேலை. துருவித் துருவிக் கேட்பதும், பலர் முன்னால் மறுபடி சொல்ல வைப்பதும் காயத்தைப் பெரிதாக்கும். சொன்ன சொற்களை அப்படியே, தேதி நேரத்துடன் எழுதி வையுங்கள்.

'யாருக்கும் சொல்ல மாட்டேன்' என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். 'உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்' என்று சொல்லுங்கள். பிள்ளையின் பெயர், படம், அடையாளம் எதையும் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில்கூடப் பகிரக் கூடாது. அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

காய் எடுப்பு மாதங்களில் தொடர்ந்து சில நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை வேலைக்குப் போகிறது என்றால் 1098-க்குத் தெரிவியுங்கள். பிள்ளை குடும்பத்தோடு எல்லை தாண்டியிருந்தால், பள்ளியின் பெயர், வகுப்பு, கல்வியியல் மேலாண்மை தகவல் முறைமை எண் ஆகியவற்றையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கவோ திரும்ப அழைத்துவரவோ எளிதாகும்.

தொடக்கப் பள்ளிகளில்

சிறு வகுப்புகளுக்கு வட்டமேசை தேவையில்லை. 'பத்து, ஒன்பது, எட்டு' என்று குதித்து விளையாடும் பாண்டி ஆட்டத்தில் எண்ணைப் பழக்கலாம். ஊர், மாவட்டம், அம்மா அப்பா பெயர் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லப் பழக்கலாம். 'ஐந்து விரல்' செயல்பாடும் நல்ல பலன் தரும்: கையைத் தாளில் வைத்து வரைந்து, ஒவ்வொரு விரலிலும் தான் நம்பிப் பேசக்கூடிய ஒரு பெரியவரின் பெயரைப் பிள்ளை எழுத வேண்டும் அல்லது வரைய வேண்டும். எல்லா விரல்களையும் நிரப்ப முடியாத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கும். அந்தத் தாளைக் கவனமாகப் பாருங்கள். காலியாக இருக்கும் விரல்களில் ஒன்றிலாவது உங்கள் பெயர் வரும்படி அந்த ஆண்டு முழுவதும் அந்தப் பிள்ளையிடம் பேசிப் பழகுங்கள்.

உதவி எண்கள் இன்னும் மாறலாம். ஒன்றோடொன்று இணையலாம், புதிய எண்களும் வரலாம். எங்கள் வகுப்பின் நான்கு தீர்மானங்களும் அவற்றை நடத்துகிறவர்களுக்கு எட்டட்டும். அதுவரை காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்தப் பருவத்திலேயே உங்கள் பள்ளியில் ஒரு தொடர்பு நோட்டைத் திறந்து, முதல் பக்கத்தில் எழுதும் எண்களுக்கு நீங்களே அலுவல் முறையில் பேசி, எடுக்கிறவரின் பெயரையும் பொறுப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். நாளை ஒரு பிள்ளை உங்கள் மேசைக்குப் பக்கத்தில் வந்து தயங்கி நின்றால், யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று நீங்கள் தேட வேண்டியிருக்காது.